மாதிரித் தொடர்வண்டிகளின் குரல்: சிறு ஒலிபெருக்கிகளின் வரலாறு

மாதிரித் தொடர்வண்டி என்பது உண்மையான தொடர்வண்டியை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்து, அதே விகிதத்தில் அமைந்த தண்டவாளத்தில் ஓட்டப்படும் பொறி ஆகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுகளுக்கு மேலாக இது சிறுவர்களின் விளையாட்டாகவும் பெரியவர்களின் பொழுதுபோக்காகவும் இருந்து வருகிறது. இன்று விற்கப்படும் மாதிரி எஞ்சின்கள் பல, ஓடுவதோடு ஒலிக்கவும் செய்கின்றன. நீராவியின் சீறல், ஊதல், மணி, டீசல் எஞ்சினின் உறுமல் ஆகிய அனைத்தும் எஞ்சினுக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறிய ஒலிபெருக்கியிலிருந்து வருகின்றன. ஸ்பீக்கர் என்று கடையில் கேட்டு வாங்கும் அதே பொருள்தான் இது. அளவு மட்டும் விரல்நகம் அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

இந்த ஒலிபெருக்கி பழுதானால் புதியதை மாற்றுவது எளிய வேலையாகத் தோன்றும். பழைய கம்பிகள் இரண்டைக் கழற்றிப் புதியதில் பற்றவைத்தால் போதும் அல்லவா? ஆனால் அந்தக் கம்பிகளின் மறுமுனையில் இருக்கும் மின்சுற்று எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று அறியாமல் இணைத்தால், எளிதில் கிடைக்கும் மலிவான ஒலிபெருக்கி ஒன்று, இனி எங்கும் கிடைக்காத மின்சுற்றுப் பலகையை எரித்துவிடக்கூடும். ஆகவே இந்தச் சிறு கருவியின் வரலாற்றை அறிவது, பழைய எஞ்சினைப் பழுதுபார்ப்பவருக்கு வேலையின் முதற்படியாகும்.

காற்றைச் சுருக்க முடியாது

மாதிரி செய்வோர் மிகப் பரவலாகப் பயன்படுத்தும் எச்.ஓ. அளவு 1:87 என்ற விகிதம் கொண்டது. என் அளவு 1:160. அமெரிக்காவில் ஓ அளவு 1:48. சக்கரம், கொதிகலன், சன்னல், ஏணி என எதையும் இந்த விகிதத்தில் சுருக்கிவிடலாம். ஒலியை மட்டும் சுருக்க முடியாது.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எனவே 300 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் 1 மீட்டருக்குச் சற்று அதிகம். எஞ்சின் 87 மடங்கு சிறியதாகிவிட்டாலும் அறையில் உள்ள காற்று அப்படியேதான் இருக்கிறது. கேட்பவரின் காதும் அப்படியேதான் இருக்கிறது. கனமான ஒலியை எழுப்ப வேண்டுமானால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய தகடு வேண்டும். எஞ்சினுக்குள் இருக்கும் இடமோ தீப்பெட்டி அளவு கூட இல்லை. மாதிரித் தொடர்வண்டி ஒலியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு முரணைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஒலிபெருக்கி இல்லாத காலம்

முதலில் வந்தவை ஒலிபெருக்கியே இல்லாத ஏற்பாடுகள். ஜோசுவா லயனல் கோவன் 1900 ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கிய லயனல் நிறுவனம், 1935 ஆம் ஆண்டில் ஊதும் தொடர்வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீராவி எஞ்சினை ஒட்டி நிலக்கரியும் நீரும் சுமந்து வரும் டெண்டர் வண்டிக்குள் ஒரு சிறு மோட்டார் வைக்கப்பட்டது. அது ஒரு விசிறியைச் சுழற்றும். விசிறி தள்ளும் காற்று சிறு அறைகளின் வழியே பாய்ந்து ஊதல் ஒலி எழுப்பும். புல்லாங்குழலில் காற்று ஒலிப்பது போன்ற முறைதான் இது.

இதில் வியப்புக்குரியது, அந்த ஊதலுக்குக் கட்டளை அனுப்பிய விதம். லயனல் வண்டிகள் மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடின. ஊதல் பொத்தானை அழுத்தினால் அதனோடு சிறிதளவு நேர்மின்னோட்டமும் தண்டவாளத்தில் சேர்ந்துவிடும். டெண்டரில் இருந்த ரிலே மாறுதிசை மின்னோட்டத்துக்கு அசையாது. நேர்மின்னோட்டம் வந்தவுடன் இழுபட்டு, விசிறி மோட்டாரை இயக்கும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு வகை மின்னோட்டத்தைக் கலந்து அனுப்பி, வண்டிக்குள் பிரித்தெடுப்பது என்னும் இந்தக் கருத்து பின்வந்த பல ஒலி அமைப்புகளிலும் வெவ்வேறு வடிவில் தொடர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டீசல் எஞ்சின்கள் பெருகியபோது, அவற்றுக்கு ஊதலைவிட ஹாரன் பொருத்தமாக இருந்தது. 1948 ஆம் ஆண்டில் வந்த லயனல் டீசல் மாதிரியில், உள்ளே வைத்த டார்ச் மின்கலம் ஒன்று ஹாரனை இயக்கியது. பயன்படுத்தாமல் பரணில் போட்ட வண்டிகளில் அந்த மின்கலம் கசிந்து உள்பாகங்களை அரித்தது. அக்கால வண்டிகளை வாங்குவோர் இன்றும் முதலில் திறந்து பார்ப்பது மின்கலம் இருந்த இடத்தைத்தான்.

தண்டவாளம் வழியே வந்த ஒலி

உண்மையான ஒலிபெருக்கி மாதிரி வண்டிக்குள் நுழைய, அதற்கு முன் வேறு துறையில் சில மாற்றங்கள் நிகழ வேண்டியிருந்தது. காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச்சுருள் ஒரு காகிதக் கூம்பை அசைத்து ஒலி எழுப்பும் ஒலிபெருக்கியை, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் 1925 ஆம் ஆண்டில் முழு வடிவுக்குக் கொண்டுவந்தனர். வானொலிப் பெட்டிகள் வழியாக அது வீடுதோறும் பரவியது. இன்றைய மாதிரி எஞ்சினில் உள்ள ஒலிபெருக்கியும் அடிப்படையில் அதே அமைப்புடையதே.

லயனலின் போட்டியாளரான அமெரிக்கன் ஃபிளையர், 1940களின் இறுதியில் ஒரு புதிய வழியைக் கையாண்டது. ஊதல் ஒலியைத் தண்டவாளத்துக்கு வெளியே இருந்த பெட்டியில் மின்குறிகையாக உருவாக்கி, தண்டவாளம் வழியாக அனுப்பி, டெண்டரில் இருந்த ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தது. ஒலி பிறக்கும் இடம் வெளியே, கேட்கும் இடம் வண்டியில்.

இந்த வழியை நுட்பமாக வளர்த்தெடுத்தது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பசிபிக் ஃபாஸ்ட் மெயில் நிறுவனம். பித்தளையில் கையால் செய்யப்பட்ட எஞ்சின்களை ஜப்பானிலிருந்து தருவித்து விற்ற நிறுவனம் அது. 1970களில் அது விற்ற ஒலி அமைப்பில், மேசைமேல் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி நீராவி ஒலியை உருவாக்கித் தண்டவாளத்துக்கு அனுப்பியது. எஞ்சின் சக்கரத்தில் பொருத்திய ஒரு தொடுமுனை, சக்கரம் சுழலும் நிலையைப் பெட்டிக்குத் தெரிவித்தது. இரண்டு உருளைகள் கொண்ட சாதாரண நீராவி எஞ்சின், ஓட்டுச் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை சீறும். அந்தக் கணக்கு பிசகாமல் ஒலி வர இந்தத் தொடுமுனை உதவியது.

எஞ்சினுக்குள் ஒலிபெருக்கியுடன் தொடராக ஒரு மின்தேக்கி இணைக்கப்பட்டிருந்தது. மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும். மாறுதிசைக் குறிகையை விடும். ஆகவே மோட்டாருக்கான நேர்மின்னோட்டம் ஒலிபெருக்கியின் சுருளைச் சுடாமல், ஒலி மட்டும் அதற்குச் சென்றது. பல எஞ்சின்களில் ஒலிபெருக்கியின் ஒரு முனை பித்தளை உடலோடே இணைக்கப்பட்டிருந்தது; உடல் ஒரு தண்டவாளத்தோடு மின்தொடர்பில் இருந்ததால் கம்பி மிச்சமானது. இந்தச் சிக்கனம் பிற்காலத்தில் ஒரு பொறியாக மாறியது.

இந்த முறையில் ஒரு குறையும் இருந்தது. தண்டவாளத்தின் ஒரு பகுதியில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் ஒரே ஒலியைத்தான் எழுப்பும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் சொந்தக் குரல் வேண்டுமானால் ஒலி பிறக்கும் இடமே வண்டிக்குள் வர வேண்டும்.

ஒலி வண்டிக்குள் குடியேறியது

இதற்கிடையில் உண்மையான நீராவி எஞ்சின்களின் குரல் உலகின் பல பகுதிகளில் அடங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் முதன்மைப் பாதைகளில் 1960 அளவில் நீராவி முடிவுக்கு வந்தது. பிரிட்டிஷ் ரயில்வே 1968 ஆகஸ்டிலும், மேற்கு ஜெர்மனியின் கூட்டாட்சி ரயில்வே 1977 அக்டோபரிலும் வழக்கமான நீராவிச் சேவையை நிறுத்தின. மாதிரி செய்வோருக்கு நல்ல ஒலி கைகூடிய காலத்தில், அந்த ஒலியை நேரில் கேட்டு வளர்ந்த தலைமுறை முதுமையை எட்டியிருந்தது. அருங்காட்சியகங்களும் பாரம்பரியப் பாதைகளும் காத்து வைத்த எஞ்சின்களே ஒலிப்பதிவுக்கு மூலமாயின.

குறைகடத்திச் சில்லுகளின் நினைவகம் மலிவானபோது, பதிவு செய்த ஒலியை எண்ம வடிவில் வண்டிக்குள்ளேயே வைக்க முடிந்தது. லயனல் நிறுவனத்தின் ரயில்சவுண்ட்ஸ் அமைப்பு இவ்வழியில் புகழ்பெற்றது. அதன் வளர்ச்சியில் கனடாவைச் சேர்ந்த இசைக்கலைஞர் நீல் யங் நேரடியாகப் பங்கேற்றார். பெருமூளை வாதத்தோடு பிறந்த தம் மகனும் தொடர்வண்டியை இயக்கி மகிழ வேண்டும் என்ற விருப்பமே அவரை இத்துறைக்குள் கொண்டுவந்தது. தொலைக் கட்டுப்பாட்டையும் ஒலியையும் மேம்படுத்த அவர் லயனலோடு சேர்ந்து பணியாற்றினார். 1995 ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவராகவும் ஆனார்.

எச்.ஓ. அளவில் மாற்றத்தைக் கொண்டுவந்தது எண்மக் கட்டளைக் கட்டுப்பாடு, அதாவது டி.சி.சி. முறை. ஜெர்மனியின் கீசன் நகரைச் சேர்ந்த லென்ஸ் நிறுவனம் வளர்த்த முறையை அடிப்படையாகக் கொண்டு, 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசிய மாதிரித் தொடர்வண்டிச் சங்கம் 1990களின் முதற்பாதியில் பொதுத் தரத்தை வகுத்தது. இம்முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். மின்னழுத்தத்தின் திசை மிக விரைவாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றங்களுக்கு இடையிலான கால அளவில்தான் கட்டளை எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு எஞ்சினிலும் உள்ள டிகோடர் என்னும் சிறு பலகை தனக்கு வரும் கட்டளையை மட்டும் படித்து மோட்டார், விளக்கு, ஒலி ஆகியவற்றை இயக்கும்.

எஞ்சின் நிற்கும்போதும் தண்டவாளத்தில் மின்சாரம் இருப்பதால், நின்ற நிலையிலும் அது மூச்சுவிட முடிந்தது. கொலராடோ மாநிலத்தின் துராங்கோ நகரில் உள்ள சவுண்ட்டிராக்ஸ், ஜெர்மனியின் ஊல்ம் நகரில் தோன்றிய ஈ.எஸ்.யு. ஆகிய நிறுவனங்கள் 1990களில் ஒலி டிகோடர்களைக் கொண்டுவந்தன. துராங்கோவிலிருந்து சில்வர்டனுக்கு இன்றும் நீராவி வண்டி ஓடுகிறது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

நூறு ஓமும் எட்டு ஓமும்

இங்குதான் பழுதுபார்ப்பவர் கவனிக்க வேண்டிய பிரிவினை தொடங்குகிறது. ஒலிபெருக்கியின் மின்மறுப்பு ஓம் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. பெரும்பாலான ஒலிபெருக்கிகள் 4 அல்லது 8 ஓம் கொண்டவை. சவுண்ட்டிராக்ஸ் போன்ற அமெரிக்க டிகோடர்கள் பொதுவாக 8 ஓம் ஒலிபெருக்கிக்காக வடிவமைக்கப்பட்டன. ஆனால் ஈ.எஸ்.யு. நிறுவனத்தின் லோக்சவுண்ட் வரிசையில் 3.5 வரை வந்த எச்.ஓ. டிகோடர்கள் 100 ஓம் ஒலிபெருக்கியை வேண்டின. அதன் 4.0 பதிப்பு வந்த பிறகே 4 முதல் 8 ஓம் வரையிலான ஒலிபெருக்கிகள் அந்த வரிசையில் வழக்கமாயின.

பள்ளியில் படிக்கும் ஓம் விதி இங்கு அப்படியே பொருந்தும். ஒரே மின்னழுத்தத்தில் மின்தடை குறைந்தால் மின்னோட்டம் அதே விகிதத்தில் கூடும். 100 ஓம் இருந்த இடத்தில் 8 ஓம் வைத்தால் மின்னோட்டம் 12.5 மடங்காக முயலும். 100 ஓமுக்காகச் செய்யப்பட்ட பெருக்கிச் சுற்று அதைத் தாங்காது, சூடாகி எரிந்துபோகும். மாறாக, 8 ஓமுக்கான டிகோடரில் 100 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் சேதம் எதுவும் இல்லை. ஒலி மட்டும் மிக மெல்லியதாக இருக்கும். எனவே ஐயம் இருந்தால் மின்மறுப்பு அதிகமான பக்கமே பாதுகாப்பான பக்கம்.

பித்தளை எஞ்சின்களில் வேறொரு பொறி காத்திருக்கிறது. முன்பு சொன்ன பழைய முறையில் ஒலிபெருக்கியின் ஒரு முனை எஞ்சின் உடலோடு சேர்ந்திருந்தது. டிகோடர்களிலோ இரண்டு முனைகளும் பெருக்கியால் இயக்கப்படுகின்றன. இரண்டில் எதுவும் பூமி இணைப்பு அன்று. எந்த ஒன்று உடலைத் தொட்டாலும் டிகோடர் பழுதாகலாம். மேலும், பழைய ஒலிபெருக்கியையும் மின்தேக்கியையும் தண்டவாள இணைப்பிலேயே விட்டுவிட்டு எஞ்சினை டி.சி.சி. பாதையில் வைப்பதும் தவறு. டி.சி.சி. மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுவது. மின்தேக்கி அதைத் தடுக்காமல் விட்டுவிடும். ஒலிபெருக்கிச் சுருள் ரீங்கரித்துச் சூடாகி அறுந்துபோகும். ஒரு காலத்தில் காவலாக இருந்த பாகம் அடுத்த காலத்தில் காவலை இழந்துவிடுகிறது.

கைப்பேசி தந்த கொடை

ஒலிபெருக்கி சிறிதாக வேண்டுமானால் காந்தம் சிறிதாகவும் வலிமையாகவும் இருக்க வேண்டும். 1980களின் முதற்பாதியில் ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனமும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் தனித்தனியே நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த காந்தத்தை உருவாக்கின. இந்தக் காந்தங்கள் பின்னர் கைப்பேசி ஒலிபெருக்கிகளில் இடம்பெற்றன. கைப்பேசிக்காகக் கோடிக்கணக்கில் செய்யப்பட்ட இந்தச் சதுர வடிவ ஒலிபெருக்கிகள் மாதிரித் தொடர்வண்டிக்காரர்களின் கண்ணில் பட்டன. ஏறக்குறைய 11 மி.மீ. அகலமும் 15 மி.மீ. நீளமும் கொண்ட இவற்றுக்குச் சர்க்கரைக் கட்டி என்று அவர்கள் பெயரிட்டனர். பழைய எஞ்சின்களில் இருந்த வட்ட ஒலிபெருக்கிக்கு மாற்றாக இன்று பலர் பொருத்துவது இவற்றையே.

ஆனால் இவை தனியாக ஒலித்தால் கொசு பாடுவது போலத்தான் இருக்கும். ஒலிபெருக்கித் தகடு முன்னே காற்றை அழுத்தும்போது பின்னே அதே அளவு காற்றை இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் விளிம்பைச் சுற்றி வந்து கலந்தால், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குறிப்பாகக் கனமான ஒலிகள் காணாமல் போகும். இதைத் தடுக்கப் பின்புறத்தைக் காற்றுப் புகாத சிறு பெட்டியால் மூட வேண்டும். அறையைச் சரியாக மூடியதும் ஒலி பன்மடங்கு கூடுவதைக் காதாலேயே உணரலாம். அப்போதும் சில நூறு ஹெர்ட்சுக்குக் கீழே இந்தச் சிறு ஒலிபெருக்கி ஏறக்குறைய ஊமைதான். காற்றைச் சுருக்க முடியாது என்ற விதி இங்கும் தன் வேலையைக் காட்டுகிறது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிறகு வேலை எளிதாகிறது. முதலில் பழுது ஒலிபெருக்கியில்தானா என்று பார்க்க வேண்டும். அதன் கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால், 8 ஓம் ஒலிபெருக்கி சற்றுக் குறைவாக, 7 ஓம் அளவில் காட்டும். மீட்டர் நேர்மின்தடையை மட்டுமே அளப்பதால் இந்த வேறுபாடு வருகிறது. மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. சரியான அளவு காட்டியும் ஒலி கரகரத்தால், தகடு கிழிந்திருக்கலாம். அல்லது காந்தம் இழுத்த இரும்புத்தூள் உள்ளே சிக்கியிருக்கலாம்.

அடுத்து, டிகோடரின் பெயரையும் பதிப்பையும் கண்டறிந்து, அதற்கு உரிய மின்மறுப்பை அதன் கையேட்டில் பார்க்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பழைய ஒலிபெருக்கியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் ஓம் அளவே வழிகாட்டி. அறுந்த சுருளும் தன் அளவைச் சொல்லும் ஒரே இடம் அது என்பதால், பழையதை உடனே தூக்கி எறியக் கூடாது.

இரண்டு ஒலிபெருக்கிகள் வைக்க இடம் இருந்தால் கணக்குப் போட வேண்டும். 8 ஓம் கொண்ட இரண்டைத் தொடராக இணைத்தால் 16 ஓம். பக்க இணைப்பில் 4 ஓம். 4 ஓம் தாங்கும் என்று கையேடு சொல்லாத டிகோடரில் பக்க இணைப்பு கூடாது. ஒற்றை ஒலிபெருக்கியில் எந்தக் கம்பி எந்த முனைக்கு என்பது முக்கியமில்லை. இரண்டு இருக்கும்போது இரண்டு தகடுகளும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அசைய வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் ஒலியை மற்றது அழிக்கும். குறியீடு இல்லாத வட்ட ஒலிபெருக்கியில் 1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் தொட்டு, கூம்பு வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று பார்த்து முனைகளைக் குறித்துக்கொள்ளலாம்.

பற்றவைக்கும்போது சாலிடரிங் கருவியை நீண்ட நேரம் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் உருகும். சுருளிலிருந்து வரும் மெல்லிய கம்பி விடுபடும். கம்பி முனையிலும் ஒலிபெருக்கி முனையிலும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு ஒரு நொடி தொட்டுச் சேர்ப்பது நல்லது. வலிமையான காந்தம் கருவியின் இரும்பு முனையைத் தன் பக்கம் இழுக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இணைப்புகளைக் காப்புக் குழாயால் மூடி, உலோக உடலோடு தொடர்பு இல்லை என்று மீட்டரால் உறுதி செய்த பின்னரே எஞ்சினைத் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் ஒலியளவைக் குறைத்து வைத்து, மெல்லக் கூட்டுவது முறை.

எஞ்சி நிற்பது

உலோக உடலும் சக்கரங்களும் நூறாண்டு நிலைக்கும். மோட்டாரைச் சுத்தம் செய்து ஓட்டலாம். ஆனால் 1990களின் ஒலி டிகோடருக்குள் இருக்கும் பதிவு, அந்தச் சில்லு எரிந்தால் அதோடு போய்விடும். அதே டிகோடரைச் செய்தவர்களே இன்று வேறு பதிப்புக்கும் வேறு ஒலிப்பதிவுக்கும் மாறிவிட்டார்கள். புதிய டிகோடர் இன்னும் தெளிவாக ஒலிக்கலாம். ஆனால் அது அந்த எஞ்சினின் பழைய குரல் அன்று.

லயனலின் விசிறி ஊதலிலிருந்து கைப்பேசி ஒலிபெருக்கி வரை ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தில் மலிவாகக் கிடைத்த பொருளைக் கொண்டு அதே பழைய தடையைத் தாண்ட முயன்றது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மின்சுற்று ஒழுங்கையும் விட்டுச் சென்றது. ஒலிபெருக்கியை மாற்றுபவர் கையில் எடுக்கும் இரண்டு கம்பிகளும் அந்த ஒழுங்குகளில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவை. எது என்று முதலில் கேட்டறிந்து, பிறகு ஈயத்தை உருக்கினால், பழைய எஞ்சின் தன் சொந்தக் குரலிலேயே மீண்டும் பேசும்.